இழையில் கட்டுண்ட விமானம்

மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி எனக் கடலை அடுத்துக் கிடக்கும் ஊர்களைக் கொண்டது முசலிப் பகுதி. முன்னாளில் முத்துக்குளிப்பினால் உலகப் புகழ் எய்திய கரை அது. அக்காலத்தில் சுழியோடி ஒருவன் கல் கட்டிய கயிற்றைப் பற்றிக் கடலடிக்கு இறங்குவான். சிப்பி சேர்க்கும் பை மற்றொரு கயிற்றில் தொங்கும். தோணியில் நிற்பவன் அவனைக் காணான். அவன் குரலையும் கேளான். கயிறே இருவர்க்கும் மொழியாய் நின்றது. கீழிருந்து சுண்டியதும் மேலிருப்பவன் விரைந்து இழுப்பான். கயிறு தளர்ந்துவிட்டால் செய்தி செல்லாது. செய்தி செல்லாவிடின் மூச்சுக்கு உறுதியில்லை.

இம்மொழியை நம் வடபுலத்துச் சிறுவரும் அறிவர். வாடைக்காற்று வீசும் காலத்தில் முச்சை கட்டி, விண் பூட்டி அவர்கள் ஏற்றும் பட்டம், காற்றின் வலிமையைக் கைக்கு எடுத்துச் சொல்லும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நிகழும் பட்டப் போட்டியைக் கண்டோர் இதனை உணர்வர். 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பருத்தித்துறைப் பகுதியில், பெரும் பட்டமொன்றின் கயிற்றைப் பிடித்திருந்த இளைஞர் ஒருவர் வானில் தூக்கப்பட்டு, தெய்வாதீனமாக உயிர் தப்பினார்.

சுழியோடியின் கயிற்றுக்கும் பட்டத்தின் நூலுக்கும் உறவான மூன்றாவது இழையொன்றைப் பற்றியே ஈண்டுக் கூற முற்படுகின்றோம். இப்பொழுது முசலியில் வாழும் நாம், இங்கிலாந்தில் இருந்த ஆண்டுகளில் கழகமொன்றின் திடலிற் பயின்ற கலை இது. சிறிய பொறி பூட்டிய விமானமொன்றை இரு மெல்லிய உருக்குக் கம்பிகளிற் கட்டி, நடுவில் நின்று வட்டமாகப் பறக்கவிடுவதே இதன் அடிப்படை. போர் வகையில் இருவர் ஒரே வட்டத்துள் நின்று இரு விமானங்களைப் பறக்கவிடுவர். ஒவ்வொன்றின் பின்னும் நீண்ட கடதாசி வாலொன்று தொங்கும். எதிரியின் வாலைத் தன் விமானத்தின் முன்விசிறியால் அறுப்பவன் புள்ளி பெறுவான்.

வோக்கரும் பிறரும்

அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜிம் வோக்கர் என்பார் 1940ஆம் ஆண்டளவில் ‘பயர்போல்’ என்னும் விமானத்தை விற்பனைக்கு விட்டு இக்கலையை நாடெங்கும் பரப்பினார். இம்முறைக்கு அவர் காப்புரிமையும் பெற்றார். எனினும் அதே மாநிலத்தைச் சேர்ந்த ஓபா சென். கிளெயர் என்பார் அவருக்கு முன்னரே இத்தகைய அமைப்பைச் செய்து பறக்கவிட்டிருந்தமை பின்னர் வழக்கு மன்றத்தில் வெளிப்பட, அக்காப்புரிமை நிலைக்கவில்லை. 1950களில் இங்கிலாந்துக் கழகங்களிற் போர் வகை பெரிதும் ஓங்கியது. நொட்டிங்காம் நகரில் ஒலிவர் குடும்பத்தார் கையாற் செய்த ‘ஒலிவர் ரைகர்’ என்னும் 2.5 கன சென்ரிமீற்றர் டீசற் பொறி அக்காலத்து வீரர்தம் கனவாய் விளங்கியது. அந்நாளைய வரைபடங்களைக் கொண்டு பழைய வகை விமானங்களைக் கட்டிப் போரிடுவோர் அங்கு இன்றும் உளர்.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்த தேசிய மாணவர் படையில், 1950ஆம் ஆண்டு விமானப் பிரிவு சேர்க்கப்பெற்றது. அப்பிரிவு மாணவர்க்கு மாதிரி விமானம் கட்டுதலும் கம்பியிற் பறக்கவிடுதலும் பயிற்சியின் கூறுகளாயுள்ளன.

கட்டும் முறை

போர் விமானம் உடைவதற்கென்றே பிறந்தது. ஆதலின் அதனை எளிமையாகக் கட்டுதல் வேண்டும்; ஒன்றுக்கு இரண்டாகக் கட்டுதல் இன்னும் நன்று. பழைய வகையில் ஒரு மீற்றரளவு நீளமுள்ள இறக்கையே பெரும்பகுதி, உடல் மிகக் குறுகியது, சக்கரங்கள் இல்லை. பால்சா என்னும் மிக இலேசான மரத்தகட்டில் விலா எலும்புகள் போன்ற துண்டுகளை ஒரே அளவாக வெட்டி, சமமான பலகைமேல் வரைபடத்தை விரித்து, அதன்மீது முன்விளிம்பு, பின்விளிம்பு, நடுச்சட்டம் ஆகியவற்றோடு ஒட்டுவர். பொறியைத் தாங்கும் இரு சட்டங்கள் மட்டும் வன்மரத்தாலானவை. எலும்புக்கூடு முடிந்தபின் மெல்லிய தாளாற் போர்த்து, டோப் என்னும் பூச்சைத் தடவினால் தாள் இறுகி முரசின் தோல்போல் விறைக்கும். இறக்கை முறுகியிருப்பின் நீராவியிற் காட்டி மெல்லத் திருகி நேராக்கலாம். முறுகலோடு பறக்கவிடுவோன் தன் உழைப்பைத் தானே மண்ணில் எறிபவனாவான்.

இயக்கத்தின் உயிர்நிலை இறக்கையின் நடுவேயுள்ள முக்கோண நெம்பு ஆகும். இடப்புற இறக்கை நுனி வழியாக வரும் இரு கம்பிகள் அதன் இரு முனைகளிற் பூட்டப்படும். மூன்றாம் முனையிலிருந்து செல்லும் தண்டு, பின்னாலுள்ள உயர்த்தி என்னும் தகட்டை அசைக்கும். கையிலுள்ள பிடியை மேல்நோக்கிச் சாய்த்தால் விமானம் ஏறும். கீழ்நோக்கிச் சாய்த்தால் இறங்கும். திசை திருப்பக் கருவி வேண்டியதில்லை. வட்டத்தைக் கம்பியே வகுக்கின்றது.

பொறிக்குத் தீப்பொறியும் மின்கலமும் தேவையில்லை. உருளையுள் அமுக்கப்படும் ஆவி தன் வெப்பத்தாலேயே பற்றும். அமுக்கத்தின் அளவை மேலுள்ள திருகாணியாற் கூட்டியும் குறைத்தும் கொள்ளலாம். எரிபொருள் மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய், ஈதர் ஆகியவற்றின் கலவை. முதலிரண்டும் நம் வீடுகள் அறிந்தவை. மூன்றாவது நொடியில் தீப்பற்றுவது. ஆசிரியர் மேற்பார்வையின்றி மாணவர் தொடத்தகாதது.

இழுவிசையே உயிர்

இவ்வமைப்பு முழுவதும் ஒரே நிபந்தனையில் நிற்கின்றது: கம்பிகள் இறுகியிருத்தல் வேண்டும். தளர்ந்த கம்பி எந்தக் கட்டளையையும் கொண்டு செல்லாது. இன்றைய சர்வதேச விதிப்படி கம்பியின் நீளம் 15.92 மீற்றர். இவ்விசித்திரமான எண்ணுக்குக் காரணமுண்டு. அந்த ஆரையுள்ள வட்டத்தின் சுற்றளவு 100 மீற்றர். பத்துச் சுற்று ஒரு கிலோமீற்றர். 450 கிராம் திணிவுள்ள விமானம் அவ்வட்டத்திற் செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்திற் பறக்கின்றது என்க. திணிவை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கி ஆரையால் வகுத்தால் ஏறக்குறைய 25 நியூற்றன் கிடைக்கும். இரண்டரைக் கிலோகிராமைக் கையில் தாங்குவது போன்ற இழுவை அது. வேகம் பாதியானால் இழுவை காற்பங்காகும். பொறி சோரும்பொழுது கை வெறுமையாவதன் காரணம் இதுவே.

ஆதலின் கட்டுவோன் செய்யும் சிறு சிறு திருத்தங்களெல்லாம் இந்த இழுவையைக் காப்பதற்கே. பொறியைச் சற்று வெளிப்புறம் நோக்கித் திருப்பி வைப்பர். வெளி இறக்கை நுனியிற் சிறிது ஈயம் சேர்த்துக் கம்பிகளின் பாரத்தை ஈடுசெய்வர். கம்பிகள் வெளிவரும் இடத்தை ஈர்ப்பு மையத்துக்குச் சற்றுப் பின்னே அமைத்து, மூக்கு எப்பொழுதும் வெளியே நோக்கச் செய்வர். ஈர்ப்பு மையமோ போதிய அளவு முன்னே இருத்தல் வேண்டும். பின்னே சென்றால் விமானம் அடங்காக் குதிரையாகும்.

எமது முதல் விமானம் இப்பாடத்தை எமக்குக் கற்பித்தது. காற்று நன்றாய் வீசிய ஒருநாள், காற்று வரும் பக்கத்தில் அதனைக் குட்டிக்கரணமடிக்கச் செய்தோம். காற்று விமானத்தை எம்மை நோக்கித் தள்ள, கம்பிகள் தொய்ந்தன. பிடியை எவ்வளவு சாய்த்தும் பயனில்லை. மூன்று வார உழைப்பு மூன்று செக்கனிற் சுள்ளியாயிற்று. அருகிருந்த முதியவர் ஒருவர், “காற்றுக்கு முதுகு காட்டி நில், காற்றே உனக்குக் கம்பியை இழுத்துத் தரும்” என்றார். அன்று முதல் காற்று செல்லும் பக்கத்திலன்றி வேறெங்கும் கரணம் முயன்றோமல்லேம்.

போரும் அதன் ஒழுக்கமும்

சர்வதேசப் போட்டியிற் போர் நான்கு நிமிடம் நிகழும். ஒவ்வோர் அறுப்புக்கும் 100 புள்ளி. இரு வீரரும் நடு வட்டத்துள் தோளோடு தோள் உரச நின்று, ஒருவரையொருவர் சுற்றியும் குனிந்தும் விலகியும் தம் விமானங்களைத் துரத்துவர். கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளினும் உருக்கு உருக்கின்மேல் வழுக்குவதால் சிறிது நேரம் கட்டளை கடந்துசெல்லும். எதிரிக்கு இடம் விட்டு நகரத் தெரியாதவன் தானும் விழுவான்.

பிடியை மணிக்கட்டோடு வாரினால் பிணைத்தல், பொறியை நெம்போடு கம்பியாற் கட்டிவைத்தல், உதவியாளர் தலைக்கவசம் அணிதல் ஆகியவை விளையாட்டல்ல. எல்லாவற்றினும் பெரிய ஆபத்து மின்கம்பி. கையிலிருப்பது உருக்கு, உயர் மின்கம்பியை அது தொட்டால், ஏன், மிக நெருங்கினாலும், பறக்கவிடுவோன் உயிர் பிழைத்தல் அரிது. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டு இறுதியில் ‘தம்பபவனி’ காற்றாலை திறக்கப்பெற்றது. இன்று எம் பகுதியில் வெட்டவெளி என்று எண்ணும் இடத்திலும் மேலே அண்ணாந்து பார்த்த பின்னரே பிடியைக் கையிலெடுத்தல் வேண்டும். இடி முழங்கும் நாளிற் பெட்டியைத் திறவாமையே அறிவு.

எமது வேண்டுகோள்

பாக்குநீரிணையின் அக்கரையிலுள்ள இராமேசுவரத்தில், சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர் தம் மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று பறவைகள் பறக்கும் விதத்தைக் காட்டினார். அம்மாணவருள் ஒருவரான அப்துல் கலாம், பின்னர் சென்னைத் தொழினுட்பக் கல்லூரியில் விமானப் பொறியியல் பயின்று ஏவுகணை அறிஞராய் உயர்ந்தார். அன்று அவ்வாசிரியர் செலவிட்டது ஒரு மாலைப்பொழுது மட்டுமே.

மையநாட்ட விசையின் சூத்திரத்தை நம் மாணவர் விடைத்தாளிற் பிழையின்றி எழுதுகின்றனர். அதனைக் கையால் உணர்ந்தோர் எத்துணையர்? நம் கல்லூரியின் தொழிற்கூடத்தில் ஒரு மேசையும், சில பால்சாத் தகடுகளும், நான்கைந்து பேர் சேர்ந்து பேணும் ஒரு பொறியும் இருந்தால் போதும். கல்லூரியின் நிறைவிழா ஆண்டில் பழைய மாணவர் சங்கம் இச்சிறு பணியை மேற்கொள்ளுமாயின், உழைப்பை ஒருகாற் சுள்ளியாக்கிய நாம், பசைக்கிண்ணத்துடன் முதல் ஆளாய் வந்து நிற்போம். முதல் விமானம் உடையும். உடைந்ததை மீண்டும் ஒட்டும் பொழுதே பாடம் தொடங்கும்.