கல்லுக்குப் போட்ட கடிவாளம்

நடு இரவு தாண்டியதும் எழுந்து செபம் சொல்ல வேண்டும். எழுப்ப அலாரம் கிடையாது. இடைக்கால ஐரோப்பாவின் துறவு மடங்கள் பல நூற்றாண்டுகள் இந்தச் சிக்கலோடு வாழ்ந்தன. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்குப்படி, துறவிகளுக்குப் பகலில் ஏழு வேளைச் செபம்; இரவில் ஒரு வேளை. பகலில் வெயிலைப் பார்த்து நேரம் சொல்லலாம். இரவில்?

சில மடங்கள் நீர்க்கடிகாரத்தை நம்பின. சிறு துளை வழியே ஒழுகும் நீரின் அளவுதான் நேரம். 1198இல் இங்கிலாந்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்தில் தீப்பற்றியபோது, இளந்துறவிகள் சிலர் கிணற்றுக்கும் சிலர் கடிகாரத்துக்கும் தண்ணீர் எடுக்க ஓடினார்கள் என்று அந்த மடத்துத் துறவி ஜோசலின் எழுதிவைத்திருக்கிறார். தீயணைக்க உதவும் அளவுக்கு அதில் நீர் இருந்திருக்கிறது! ஆனால் கடுங்குளிரில் நீர் உறைந்தால் நேரமும் நின்றுவிடும்.

உறையாத ஒன்று வேண்டும். கல் உறையாது. உருளையில் கயிற்றைச் சுற்றி, நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால், கல் இறங்க இறங்க உருளை சுழலும். அதோடு இணைந்த பற்சக்கரங்களும் சுழலும். ஆனால் கிணற்றில் வாளிக் கயிற்றைக் கைவிட்டால் என்ன ஆகும்? ராட்டினம் கடகடவென்று சுழல, வாளி நொடியில் தண்ணீரில் விழும். கடிகாரக் கல்லும் அப்படித்தான் விழும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சுற்றுச் சுற்றும் சக்கரம் செய்யப் பலர் முயல்கிறார்கள், இன்னும் கைகூடவில்லை என்று 1271இல் ராபர்ட் என்ற ஆங்கிலேய அறிஞர் எழுதினார். 1283இலேயே டன்ஸ்டபிள் மடத்தில் ஒரு கடிகாரம் பொருத்தப்பட்டதாகக் குறிப்பு இருக்கிறது. அது எடையால் இயங்கியதாகவே பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

கல்லை நிறுத்தி நிறுத்தி இறக்குவதே தீர்வு. அதைச் செய்யும் அமைப்பைத் தடைவிடுபொறி எனலாம்: சக்கரத்தின் ஒரு பல்லைத் தடுத்து, விட்டு, அடுத்ததைத் தடுக்கும் பொறி. கிரீடம்போல் விளிம்பில் பற்கள் நிற்கும் ஒரு சக்கரம். அதன் முன்னே செங்குத்தான ஒரு தண்டு. தண்டில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தகடுகள், வெவ்வேறு திசை நோக்கி. உச்சியில் ஒரு குறுக்குச் சட்டம், அதன் இரு முனைகளிலும் எடை. மேலுள்ள பல் மேல்தகட்டைத் தள்ளும், தண்டு திரும்பும், சட்டம் ஒரு பக்கம் வீசும். பல் நழுவிய கணமே கீழ்த்தகடு இன்னொரு பல்லை மறிக்கும். சட்டம் நின்று, எதிர்ப்பக்கம் வீசும். டிக், டக். ஒவ்வொரு வீச்சுக்கும் கல் இம்மியளவே இறங்கும்.

இதில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. அந்தச் சக்கரத்தின் பற்கள் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். அப்போதுதான் மேலே பல் இருக்கையில் நேர்கீழே இடைவெளி இருக்கும். தகடுகள் மாறி மாறித் தடுக்க முடியும். கடிகாரம் முந்தினால், சட்டத்தின் எடைகளை முனைப்பக்கம் நகர்த்தினால் போதும். வீச்சு தாமதமாகும்.

மணியடிப்பதில் இன்னொரு வியப்பு. இங்கிலாந்தின் சால்ஸ்பரி பேராலயக் கடிகாரத்துக்கு முகப்பே இல்லை, முள்ளும் இல்லை. அங்குக் கடிகாரக் காப்பாளர் ஒருவர் இருந்ததை 1386ஆம் ஆண்டு ஆவணம் குறிப்பிடுகிறது. இத்தகைய கடிகாரம் மணி அடித்தே நேரம் சொல்லும். எத்தனை முறை அடிப்பது என்று இரும்புக்கு எப்படித் தெரியும்? ஒரு சக்கரத்தின் விளிம்பில் பள்ளங்களை வெட்டினார்கள். முதல் இடைவெளி சிறியது, அடுத்தது பெரியது என்று வளர்ந்துகொண்டே போகும். ஒரு நெம்புகோல் விளிம்பின்மேல் இருக்கும்வரை மணி ஒலிக்கும். பள்ளத்தில் விழுந்தால் அடங்கும். ஒன்று முதல் பன்னிரண்டு வரை மொத்தம் 78 அடிகள், ஒரே சக்கரத்தில்!

துல்லியம் குறைவுதான். நாளுக்குக் கால் மணி நேரம் பிசகுவது சாதாரணம். சூரியக் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்தினார்கள். ஆனால் இந்த எடைக் கடிகாரம் வாழ்க்கையையே மாற்றியது. அதுவரை பகலைப் பன்னிரண்டாகப் பிரித்தால் கிடைப்பதே ஒரு மணி நேரம். லண்டனில் அது கோடையில் ஏறத்தாழ 80 நிமிடம். குளிர்காலத்தில் 40 நிமிடம். கல்லுக்குப் பருவம் தெரியாது. ஆண்டு முழுதும் ஒரே அளவாகவே இறங்கும். 1336இல் மிலான் நகரக் கோபுரக் கடிகாரம் ஒரு நாளை 24 சம மணிகளாக அடித்து அறிவித்தது. செபத்துக்கு அழைத்த மணியோசை, நகரத்தின் வேலைக்கும் சந்தைக்கும் பொதுவாயிற்று.

1656இல் ஹாலந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் குறுக்குச் சட்டத்துக்குப் பதில் ஊசலைப் பொருத்தினார். பிழை நாளுக்கு நிமிடக் கணக்கிலிருந்து நொடிக் கணக்குக்குச் சுருங்கியது. இன்று உங்கள் கைக்கடிகாரத்தில் ஒரு குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஆடும் பொருள் மாறியிருக்கிறது, வேகம் கூடியிருக்கிறது. சீரான ஆட்டத்தை எண்ணி நேரம் அறியும் வழி மட்டும், தடைவிடுபொறியைச் செய்த, பெயர் தெரியாத அந்தக் கைவினைஞர்கள் காட்டியதேதான்.