குடிக்காத ஒருவரின் சேர்க்கை

குடிநோயிலிருந்து மீண்டவர்கள் ஓர் அறையில் கூடித் தங்கள் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டங்களுக்குப் போனால் குடி உண்மையிலேயே நிற்குமா என்ற கேள்வி, மருத்துவர்களிடமும் வார இதழ்களின் கேள்வி-பதில் பக்கங்களிலும் மீண்டும் மீண்டும் கேட்கப்படுகிறது. மாத்திரை இல்லை, ஊசி இல்லை, கட்டணம் இல்லை, நடத்துபவருக்கு மருத்துவப் பட்டமும் இல்லை என்னும்போது வெறும் பேச்சு எப்படிச் சிகிச்சையாகும் என்ற ஐயம் முற்றிலும் நியாயமானது. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் சில நாட்களில் குடியை மறக்கடிக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளை நம்பி ஏமாந்த குடும்பங்களுக்கு, அடுத்து வரும் எதையும் எளிதில் நம்பாமல் இருக்க எல்லா உரிமையும் உண்டு.

கேள்வியின் பரப்பும் சிறியதன்று. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு, இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 2.9 கோடிப் பேர் மதுச்சார்பு நிலையில், அதாவது குடிக்காவிட்டால் உடலும் மனமும் இயங்க மறுக்கும் நிலையில் இருக்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. அந்த நிலையில் இருந்த 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு வகை உதவி கிடைத்திருந்தது. இவ்வளவு பெரிய பள்ளத்தை மனநல மருத்துவர்களைக் கொண்டு மட்டும் நிரப்ப முடியாது என்பதால், செலவே இல்லாத ஒரு முறை வேலை செய்கிறதா இல்லையா என்பது பல குடும்பங்களின் வாழ்வைத் தொடும் கேள்வி ஆகிறது.

விடைக்குப் போகும் முன் ஓர் எச்சரிக்கை தவிர்க்க முடியாதது. பல ஆண்டுகள் அதிகமாகக் குடித்தவரின் மூளை, மதுவின் அமைதிப்படுத்தும் விளைவுக்கு ஈடுகொடுக்கத் தன் கிளர்ச்சி வேதிப்பொருள்களின் செயல்பாட்டை உயர்த்தி வைத்திருப்பதால், அவர் திடீரென்று நிறுத்தும்போது கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் எனத் தொடங்கி உயிருக்கே ஆபத்து நேரலாம். அந்த முதல் சில நாட்களுக்கு உரிய இடம் மருத்துவமனைதானே தவிர, கூட்ட அறை அன்று. வலிப்பைத் தடுக்கும் மருந்தும் தயமின் என்னும் உயிர்ச்சத்தும் செய்யும் வேலையை எந்தப் பேச்சும் செய்யாது. கூட்டத்தின் வேலை அதற்குப் பிறகு, உடலிலிருந்து மது இறங்கிய பின்னும் இறங்காமல் நிற்கும் அந்த ஆவலோடு தொடங்குகிறது.

இத்தகைய கூட்டங்களில் மிகப் பழையதும் மிக அதிகம் ஆராயப்பட்டதும் ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். ஒரே கேள்வி குறித்து உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டித் தரம் பிரித்து முடிவு சொல்லும் காக்ரேன் என்ற அமைப்பு, 2006இல் இதைப் பரிசீலித்தபோது உறுதியான சான்று ஏதும் இல்லை என்றது. 2020இல் ஜான் கெல்லி, கீத் ஹம்ஃப்ரீஸ், மாரிகா ஃபெர்ரி ஆகியோர் 27 ஆய்வுகளையும் 10,565 பங்கேற்பாளர்களையும் கொண்டு மீண்டும் பரிசீலித்தபோது முடிவு மாறியது. ஏ.ஏ. கூட்டங்களோடு நோயாளியை முறையாக இணைத்துவிடும் சிகிச்சையைப் பெற்றவர்களில் 42 சதவீதத்தினர் ஓராண்டு முடிவில் முழு விலக்கில் இருந்தார்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் திருத்தும் உளவியல் சிகிச்சை போன்ற பிற முறைகளில் அந்த அளவு 35 சதவீதம். இதை அற்புதம் என்று கொண்டாடுவோர், நூற்றில் 58 பேர் முழு விலக்கில் இல்லை என்பதை மறைக்கிறார்கள். இது ஒன்றுமில்லை என்று தள்ளுவோரோ, ஒப்பீடு சிகிச்சையே பெறாதவர்களோடு அன்று, தேர்ந்த வல்லுநர்கள் அளித்த நல்ல சிகிச்சைகளோடு செய்யப்பட்டது என்பதை மறக்கிறார்கள்.

கூர்மையான வாசகர் இங்கே ஒரு தடையை எழுப்பக்கூடும்: கூட்டத்துக்கு விடாமல் வருபவர்கள் ஏற்கெனவே குடியை விட உறுதி பூண்டவர்கள் என்றால், பலன் கூட்டத்தால் வந்ததா, உறுதியால் வந்ததா? ஹம்ஃப்ரீஸும் அவருடைய சகாக்களும் 2014இல் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் பாராட்டத்தக்கது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரைக் கூட்டங்களுக்குப் போகும்படி கூடுதலாகத் தூண்டிய முந்தைய ஆய்வுகளின் தரவுகளை எடுத்துக்கொண்டு, குலுக்கலால் மட்டுமே கூடிய வருகை எவ்வளவோ அதை மட்டும் தனியே பிரித்து, அந்தக் கூடுதல் வருகை குடியில்லாத நாட்களைக் கூட்டியதா என்று அவர்கள் கணக்கிட்டார்கள். குலுக்கலுக்கு யாருடைய மனவுறுதியும் தெரியாது என்பதால், அதன் வழி வந்த பலன் உறுதியின் பலனாக இருக்க இயலாது. பெரும்பாலான தரவுகளில் குடியில்லாத நாட்கள் கூடத்தான் செய்தன.

ஆனால் எப்படி? கூட்டத்துக்குள் பலவும் நடக்கின்றன: பன்னிரண்டு படிகள் என்னும் ஒழுங்குமுறை, பிரார்த்தனை, குற்றங்களை ஒப்புக்கொள்ளுதல், தேநீர், கைதட்டல். இவற்றுள் எது வேலை செய்கிறது என்று அறிய, அமெரிக்காவில் 1,726 நோயாளிகளைக் கொண்டு நடந்த மாட்ச் திட்டத்தின் தரவுகளைக் கெல்லியின் குழு 2012இல் அலசியது. ஆன்மிகத்தின் பங்கு முக்கியமாக நோய் முற்றியவர்களிடையே தென்பட்டது. பெரும்பாலோரிடம் பலனின் பெரும்பகுதி, நோயாளி யார் யாரோடு பழகுகிறார் என்பதில் ஏற்பட்ட மாற்றத்தின் வழியாகவும், குடிப்பவர்கள் நடுவில் குடிக்காமல் இருக்கத் தன்னால் முடியும் என்று அவருக்கு வந்த நம்பிக்கையின் வழியாகவும் பாய்ந்திருந்தது. கட்டுரையின் மிச்சத்தையும் இந்தக் கண்டுபிடிப்புக்கே கொடுப்பது தகும்.

குடியின் ஆவல் புட்டியிலிருந்து மட்டும் எழுவதில்லை. திரும்பத் திரும்பக் கிடைக்கும் இன்பத்தை மூளை கற்றுக்கொள்ளும்போது, டோபமைன் என்னும் வேதிப்பொருளின் துடிப்பு, இன்பம் கிடைக்கும் கணத்திலிருந்து மெல்ல நகர்ந்து, அது கிடைக்கப்போகிறது என்று அறிவிக்கும் குறிகளுக்குப் போய்ச் சேர்கிறது. குடிப்பவருக்கு அந்தக் குறிகள் பெரும்பாலும் மனிதர்கள்: மாலை ஆறு மணிக்கு வரும் நண்பரின் அழைப்பு, சம்பள நாளில் உடன் நடக்கும் கூட்டாளி, துக்க வீட்டின் பின்புறம் கண்ணைக் காட்டும் உறவினர். ஆகவே குடியை விடுபவர் ஒரு திரவத்தை மட்டும் விட்டால் போதாது. தன் வாழ்வின் மிகத் தொடர்ச்சியான நட்புகளையும் சேர்த்தே விட வேண்டியிருக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத இழப்பு அது.

முள்மரத்தில் படர்ந்துவிட்ட பாகற்கொடியைப் பந்தலுக்கு மாற்ற முனையும் தோட்டக்காரர் இதை நன்கு அறிவார். கொடியைப் பிடித்து இழுத்தால் அது அறுந்துபோகும், ஏனெனில் முன்பே சுற்றிக்கொண்ட பற்றுக்கம்பிகள் விறைத்து முற்றிவிட்டன. அவை தாமாக அவிழ்வதில்லை. வெட்டித் தரையில் விட்டாலும் பயனில்லை, பற்றிக்கொள்ள வேறொன்று இல்லாத கொடி காற்று அடித்த திசையில் அந்த முள்மரத்தையே மீண்டும் பிடிக்கும். எனவே அவர் முதலில் இளம் நுனியின் அருகில் ஒரே ஒரு கொழுகொம்பை நடுகிறார். பற்றுக்கம்பிக்குக் கண் இல்லை, தேர்வும் இல்லை. தொட்டதைச் சுற்றுவது அதன் இயல்பு என்பதால், தொடும் தூரத்தில் கொம்பு நிற்பதே முக்கியம். புதுப்பிடி இறுகிய பிறகே பழைய பிடிகளை ஒவ்வொன்றாக நறுக்க முடியும். அந்த ஒற்றைக் கொம்பு பந்தலில் கட்டப்பட்டிருந்தால், கொடி அதன் வழியே மற்றக் கொம்புகளையும் தானே கண்டுகொள்ளும். கொடி ஒருநாள் மரமாகித் தனித்து நிற்க வேண்டும் என்று எந்தத் தோட்டக்காரரும் எதிர்பார்ப்பதில்லை. முற்றிய கொடியின் தண்டையே அடுத்த இளங்கொடி பற்றிக்கொள்வதைப் பார்த்தால் அவருக்கு மகிழ்ச்சிதான். மனவுறுதி இல்லாதவன் என்று குடிநோயாளியைத் திட்டுபவர்கள், கொடியிடம் தேக்கின் தண்டை எதிர்பார்க்கிறார்கள்.

ஒரே ஒரு கொம்பு என்பது மிகையான பேச்சன்று. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மார்க் லிட் குழுவினர் 210 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், சிகிச்சையின் நோக்கமே நோயாளியின் பழகுவட்டத்தை மாற்றுவதாக வைக்கப்பட்டது. அவர்கள் 2009இல் வெளியிட்ட இரண்டாண்டு முடிவுகளின்படி, பழகுவட்டத்தில் குடிக்காத ஒருவர் புதிதாகச் சேர்ந்தால், அடுத்த ஓராண்டு குடிக்காமல் இருக்கும் வாய்ப்பு 27 சதவீதம் கூடியது. மாசச்சூசெட்ஸின் ஃப்ராமிங்ஹாம் நகரில் பல்லாண்டு நடந்த இதயநோய் ஆய்வின் 12,067 பேரை வைத்து 2010இல் வெளியான ஆராய்ச்சியும், குடியும் விலக்கும் நண்பரின் நண்பரின் நண்பர் வரை கொத்துக்கொத்தாகப் பரவிக் கிடப்பதைக் காட்டியது. ஒத்த இயல்புடையோர் ஒன்றுசேர்வதாலேயே இந்தக் கொத்துகள் தோன்றியிருக்கலாம் என்ற விமர்சனம் வலுவானது. ஆகவே ஃப்ராமிங்ஹாமின் வண்ணமயமான வலைப்படங்களைவிட, பழகுவட்டத்தை வேண்டுமென்றே மாற்றிப் பார்த்த லிட்டின் சிறிய ஆய்வுக்கே கூடுதல் எடை தர வேண்டும்.

ஏ.ஏ.வின் வரலாற்றை விரித்துரைக்கும் நூல்கள் ஏராளம் என்பதால், இங்கே ஒரு நிகழ்வு போதும். நியூயார்க்கின் பங்குச்சந்தையில் பணியாற்றி, குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்த பில் வில்சன், 1935 மே மாதம் ஒஹையோவின் ஆக்ரன் நகருக்கு வந்த வேலையில் தோற்று, விடுதியின் மதுக்கூடம் அழைக்க, அதற்குள் போகாமல் தேவாலயங்களுக்குத் தொலைபேசியில் பேசித் தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் அந்நகரின் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். அவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் 1935 ஜூன் 10 இயக்கத்தின் பிறந்தநாளாகக் கொள்ளப்படுகிறது. வில்சன் அன்று தேடியது உபதேசம் செய்ய ஓர் ஆளை என்பதைவிட, தான் குடிக்காமல் இருக்க ஒரு துணையை என்பதே பொருந்தும்.

அந்தத் தேடலில் இருந்த உள்ளுணர்வை ஆய்வாளர்கள் பின்னர் அளந்தார்கள். மரியா பகானோ குழுவினர் 2004இல் மாட்ச் திட்டத்தின் தரவுகளை ஆராய்ந்தபோது, சிகிச்சைக் காலத்தில் பிற குடிநோயாளிகளுக்கு உதவியவர்களில் 40 சதவீதத்தினர் அடுத்த ஓராண்டு குடிக்காமல் இருந்தார்கள். உதவாதவர்களில் 22 சதவீதத்தினரே அவ்வாறு இருந்தார்கள். உதவும் நிலையில் இருப்பவர்களே தேறும் நிலையிலும் இருந்திருக்கலாம் என்பதால், இந்த வித்தியாசம் முழுவதையும் உதவியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஆயினும் வழிமுறை புரியாத ஒன்றன்று. தொலைவில் உள்ள பெரும் நன்மையைவிட அருகில் உள்ள சிறு இன்பத்தைப் பெரிதாகக் காணும் கோளாறு குடிநோயில் மிகக் கூர்மையாக இருக்கிறது. கல்லீரல் வீக்கமும் வேலையிழப்பும் மங்கிப்போய், இன்று மாலையின் முதல் வாய் மட்டும் துலங்கி நிற்கிறது. நேற்று நிறுத்தியவரின் நடுங்கும் கைகளைத் தன் கையில் வாங்கும் பத்தாண்டு மீண்டவருக்கு, மங்கிய விளைவு கண்முன் வந்துவிடுகிறது. நடுங்குபவருக்கோ, தொலைவில் இருந்த பத்தாண்டு எதிரில் நாற்காலியில் அமர்ந்திருக்கிறது. ஸ்பான்சர் என்று அழைக்கப்படும் மூத்த உறுப்பினரும் புதியவரும் ஒருவருக்கொருவர் இப்படித்தான் பயன்படுகிறார்கள்; இன்று ஒரு நாள் மட்டும் குடிப்பதில்லை என்ற கூட்டத்தின் வழக்கமும், தொலைநோக்கு பழுதான மனத்துக்கு எட்டும் அளவில் இலக்கை வைக்கிறது.

எல்லாருக்கும் ஒரே வழியில் இது நடப்பதில்லை. கெல்லியும் பெட்டினா ஹெப்னரும் 2013இல் காட்டியபடி, ஆண்களுக்குக் கூட்டம் தரும் பலன் குடிக்கத் தூண்டும் சமூகச் சூழல்களைச் சமாளிக்கும் திறன் வழியாகவே அதிகம் வருகிறது. பெண்களுக்கோ துயரமும் பதற்றமும் நேரும்போது குடிக்காமல் இருக்கும் நம்பிக்கை வழியாக வருகிறது. பெரும்பாலோர் ஆண்களாக உள்ள கூட்டத்தில் ஒரு பெண்ணுக்கு அந்த இரண்டாவது உதவி எளிதில் கிடைக்காது என்பதால், பெண்களுக்கான தனிக் கூட்டங்கள் சலுகை ஆகமாட்டா, தேவையே. கடவுள் பற்றிய பேச்சு ஒவ்வாதவர்களுக்கு ஸ்மார்ட் ரிக்கவரி போன்ற சமயம் சாராத குழுக்களும் உண்டு. பழகுவட்டமே மருந்தின் சாரம் என்றால், அது எந்த ஒரு அமைப்பின் தனிச்சொத்தும் ஆகாது.

எவ்வளவு காலம் என்ற கேள்விக்கு, பாஸ்டன் நகர ஆண்களை இளமை முதல் முதுமை வரை பின்தொடர்ந்த ஜார்ஜ் வைலண்டின் ஆய்வு ஓரளவு விடை தருகிறது: ஐந்தாண்டு விலக்கைக் கடந்தவர்கள் மீண்டும் குடிக்குத் திரும்புவது அரிதாக இருந்தது. முப்பது நாளில் விடுதலை என்று விற்கப்படும் எதையும் இந்த அளவுகோலால் அளக்க வேண்டும்.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்க நகரங்களில் நடந்தவை; அங்கே ஒருவர் பழைய நண்பர்களை விட்டு நகரின் மறுகோடியில் புதிய வட்டத்தைத் தேடிக்கொள்ளலாம். உடன் குடிப்பவரே பங்காளியாகவும், பக்கத்து வயல்காரராகவும், பெண் கொடுத்த வீட்டாராகவும் இருக்கும் சிற்றூரில் அது நடவாது. ஊரை விட்டுப் போகாமலே வட்டம் மாற வேண்டியிருக்கிறது. 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை, திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் பல ஆண்டுகளாக நடத்திவரும் முகாம்கள் இந்தச் சிக்கலை நேராக எதிர்கொள்கின்றன: நோயாளிகளை நகரத்துக்கு அழைக்காமல், ஊரிலேயே தற்காலிகமாக இடம் அமைத்து, சுற்றுவட்டாரத்தைச் சேர்ந்த பலருக்கு ஒரே சமயத்தில் சிகிச்சை தந்து, குடும்பத்தாரையும் அதில் சேர்த்து, பின்னரும் தொடர்ந்து பார்க்கிறார்கள். முகாம் முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் மாலை ஆறு மணிக்குப் பேச, குடிக்காத ஆள் ஒருவர் அருகில் உள்ள தெருவிலோ ஊரிலோ இருப்பார். அவரும் அதே முகாமிலிருந்து திரும்பியவராக இருப்பார்.