மாளிகை இல்லை, வாசல் உண்டு

இங்கிலாந்தின் பெர்க்‌ஷயரில், நியூபரி நகருக்குப் பக்கத்தில் ஹாம்ஸ்டெட் மார்ஷல் என்றொரு சிற்றூர். அங்கே புல்வெளியில் உயரமான வாயில் தூண்கள் இரண்டிரண்டாக நிற்கின்றன. இடையில் கதவில்லை, பலவற்றின் இருபுறமும் மதிலில்லை, உள்ளே போனால் வீடும் இல்லை.

கிரேவன் பிரபு 1660களில் கட்டத் தொடங்கிய மாளிகை ஒன்று இங்கே இருந்தது. மன்னர் முதலாம் சார்ல்ஸின் அக்கா எலிசபெத்துக்காகத் திட்டமிட்டது என்பார்கள். போஹீமியாவுக்கு ஒரே ஒரு குளிர்காலம் அரசியாக இருந்து நாடிழந்தவர் அவர். 1662இல் இறந்தும் போனார். கட்டடக் கலைஞர் பல்தசார் ஜெர்பியரும் வேலை முடிவதற்குள் காலமாக, வில்லியம் விண்ட் பொறுப்பேற்றார். 1718இல் மாளிகை தீக்கிரையானது.

ஒரு வீட்டுக்கு இத்தனை வாயில்கள் எதற்கு? அன்றைய பெருவீடுகளைச் சுற்றி மதில் சூழ்ந்த முற்றங்களும் தோட்டங்களும் அடுத்தடுத்து இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல். வருகிறவர் வாசல் வாசலாகக் கடந்துதான் பிரபுவை நெருங்க வேண்டும். அந்தஸ்தைக் காட்ட இதைவிட நல்ல வழி கிடையாது!

தூண்களின் பருமன் வெறும் பகட்டல்ல. கனத்த இரும்புக் கதவு அடியில் குடுமியில் சுழலும். மேலே ஒரு வளையம் அதைத் தூணோடு பிடித்திருக்கும். திறந்த கதவு அந்த வளையம் வழியே தூணைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். மெலிந்த தூண் நாளடைவில் சாய்ந்துவிடும். உச்சியில் வைக்கும் கல் கலசமும் உருண்டையும் அழகுக்குத்தான் என்றாலும், அவற்றின் எடை தூணைக் கீழ்நோக்கி அழுத்தி அந்த இழுப்பைத் தாங்க உதவுகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ரசனை மாறியது. கேப்பபிலிட்டி பிரௌன் போன்ற தோட்ட வடிவமைப்பாளர்கள் வீட்டு வாசல்வரை புல்வெளியைக் கொண்டுவந்தார்கள். பல இடங்களில் மதில்கள் இடிபட்டன, வாயில்கள் பூங்காவின் எல்லைக்குப் போயின. ஹாம்ஸ்டெட் மாளிகை எரியாமல் இருந்திருந்தால் அடுத்தடுத்த தலைமுறைகளே இந்தத் தூண்களை அகற்றியிருக்கும் என்பது என் கணிப்பு.

இப்போது அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. யோஹன்னஸ் கிப் செதுக்கிய பழைய படத்தில் மாளிகையும் முற்றங்களும் பறவைப் பார்வையில் தெரிகின்றன. அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால், எந்தத் தூண்கள் எந்த முற்றத்துக்குரியவை என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.