தொப்பூர் இறக்கத்தில் பழைய ஜீப்

தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாயைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இரட்டைப் பாலத்தை நோக்கிச் சரியும் அந்த இறக்கத்தில் எல்லோரும் பிரேக்கைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். ஐம்பது வயது ஜீப்பை வைத்திருப்பவருக்கோ பயம் கையிலேயே இருக்கிறது. ஸ்டீயரிங்கை நாலு விரற்கடை திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகும்.

வில்லீஸ் உரிமத்தில் மஹிந்திரா தயாரித்த சிஜே3பி போன்ற வண்டிகளில் இருந்தது ராஸ் வகை ஸ்டீயரிங் பாக்ஸ். காடி வெட்டிய கேமுக்குள் ஒரு லீவரின் முளைகள் உரசியபடி நகரும். வண்டி பெரும்பாலும் நேராகத்தானே ஓடுகிறது? அதனால் காடியின் நடுப்பகுதிதான் முதலில் தேயும். இந்த வெறும் ஆட்டம், அதாவது பிளே, அதிகமென்று பாக்ஸின் ஸ்க்ரூவை முறுக்கினால் நேரே போக நன்றாக இருக்கும். வளைவில் தேயாத ஓரங்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவில் அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பின்னால் வந்த பாக்ஸ்களில் வார்முக்கும் நட்டுக்கும் நடுவே குண்டுகள் உருளும். உரசல் குறைவு, தேய்மானமும் குறைவு. அமெரிக்க ஜீப்பே 1972இல் ராஸைக் கைவிட்டு சாகினா பாக்ஸுக்கு மாறிவிட்டது. இங்கே பொலேரோவின் பவர் ஸ்டீயரிங் பாக்ஸைத் தேடுகிறார்கள்.

பாக்ஸ் கிடைத்துவிடும், பொருத்துவதுதான் வேலை. பழைய ஜீப்பில் பாக்ஸின் அசைவைக் கொண்டுபோகும் டிராக் லிங்க் கம்பி, முன்பக்கம் நடுவில் இருக்கும் பெல் கிராங்கை ஆட்டும். அங்கிருந்து இரண்டு டை ராடுகள் சக்கரங்களுக்குப் பிரியும். பாக்ஸை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் பெல் கிராங்கைக் கழற்றிவிட்டு, இரண்டு சக்கரங்களையும் ஒரே டை ராடால் இணைப்பார்கள். தேயும் மூட்டு ஒன்று குறைகிறது, சரி. ஆனால் டிராக் லிங்கின் சாய்வு கூடிவிட்டால், பள்ளத்தில் பட்டை ஸ்பிரிங் ஏறி இறங்கும்போதெல்லாம் ஓட்டுகிறவர் கேட்காமலே சக்கரம் திரும்பும். பாக்ஸிலிருந்து டிராக் லிங்கை ஆட்டும் பிட்மேன் ஆர்மின் நீளத்தையும் இறக்கத்தையும் அளந்து தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான். பொருந்தவில்லையென்று ஆர்மைக் காய்ச்சி வளைப்பதும் வெல்டிங் வைத்து நீட்டுவதும் கூடவே கூடாது. அது ஓடும்போது முறிந்தால் கையில் மிஞ்சுவது வெறும் வட்டம். சக்கரம் நேராக நிற்கும்போது பாக்ஸும் அதன் நடுப்புள்ளியில் நிற்க வேண்டும். தவறினால் புது பாக்ஸிலும் பழைய பிளேதான்.

என்னைக் கேட்டால், இந்த மாற்றத்தின் பெரிய லாபம் வேறு. பழைய ராஸில் கேமும் ஸ்டீயரிங் தண்டும் ஒரே துண்டு. முன்னால் மோதினால் அது நேராக ஓட்டுநரின் நெஞ்சுக்கு வரும். புதிய ஏற்பாட்டில் தண்டை நடுவில் பிரித்து யுனிவர்சல் ஜாயிண்ட் போடலாம்; மோதினால் தண்டு நெஞ்சுக்கு வராமல் அங்கே மடங்க வழியுண்டு.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021இல் வந்த மத்திய விதியின்படி, 50 ஆண்டு கடந்த வண்டி விண்டேஜ் பதிவு பெற சேசிஸ், பாடி, இன்ஜினில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. எனவே சேசிஸை வெட்டாமல், போல்ட்டில் பூட்டும் பிராக்கெட்டே நல்லது. வேலையைத் தொடங்குமுன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுவது அதைவிட நல்லது. பழையபடி மாற்ற வேண்டி வரலாம் என்பதால், கழற்றிய ராஸ் பாக்ஸைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

இவ்வளவு செலவுக்கு முன்னால் ஒரு சோதனை. இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை இடம் வலமாக ஆட்டட்டும். இன்னொருவர் வண்டிக்கடியில் படுத்து, அசைவு எந்த மூட்டில் தொலைகிறது என்று பார்க்கட்டும். டை ராட் எண்டோ பெல் கிராங் புஷ்ஷோ ஆடினால், பாக்ஸ் மேல் பழி போடுவானேன்?