பெயர் வைக்கும் முன்பே பதிவு

திண்டிவனத்தில் பிறந்த ஒரு குழந்தை மூச்சுவிடத் திணறினால் வண்டி மூன்று பக்கம் போகலாம்: முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர், சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. ஆனால் பதற்றத்தில் பல குடும்பங்கள் பக்கத்தில் கிடைத்த தனியார் மருத்துவமனைக்கு ஓடுகின்றன. மறுநாள் பில்லைப் பார்த்த பிறகே காப்பீட்டு அட்டை நினைவுக்கு வருகிறது.

ஒரு செய்தியை உரக்கச் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனையில் ஒரு வயது வரையுள்ள நோயுற்ற குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, ரத்தம், வாகனம் எல்லாமே இலவசம். மத்திய அரசு 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் முதலில் 30 நாள் வரை என்றிருந்தது; பிறகு ஒரு வயது வரை நீட்டினார்கள். இதற்குக் காப்பீட்டு அட்டையே தேவையில்லை.

தனியாரிடம் போனால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். 2012 ஜனவரியில் தொடங்கிய திட்டம் இது. இன்று ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அங்கீகாரம் சிகிச்சைப் பிரிவு வாரியாகத் தரப்படுவது. எலும்பு முறிவுக்கு அட்டையை ஏற்கும் மருத்துவமனை பச்சிளம் குழந்தைக்கு ஏற்காமல் போகலாம். வாசலில் பலகையைப் பார்த்து நம்பிவிடக் கூடாது. “குழந்தைக்கு இங்கே கார்டு செல்லுமா?” என்று அட்வான்ஸ் கட்டும் முன்பே கேட்க வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் விசாரிக்கலாம்.

அடுத்தது பெயர். நம் வீடுகளில் பெயர் சூட்ட நாள் பார்ப்போம். அதுவரை ஆஸ்பத்திரி ஏட்டில் குழந்தை அம்மாவின் பெயரோடு ஒட்டிய ‘பேபி ஆஃப்’ மட்டும்தான். ரேஷன் கார்டிலும் இருக்காது. பெயர் வைத்தால்தான் பிறப்புச் சான்று கிடைக்கும் என்று காத்திருப்பவர்கள் ஏராளம். 1969-ம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. 21 நாளுக்குள் பெயரில்லாமலே கட்டணமின்றிப் பதியலாம். பெயரை ஓராண்டுக்குள் இலவசமாகச் சேர்க்கலாம். பெற்றோரின் அட்டையைக் காட்டிக் குழந்தைக்கு அனுமதி கேட்கும்போது இந்த ஒரு தாள்தான் பேசும்.

சென்னைப் புறநகர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்வோருக்கு வேறு வழிகளும் உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும் இ.எஸ்.ஐ. காப்பீடு குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். கம்பெனி எடுத்துத் தரும் குழுக் காப்பீடுகள் பலவற்றில் குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே இடமுண்டு, பிறந்ததை எச்.ஆர். பிரிவுக்கு உடனே எழுதித் தெரிவிக்க வேண்டும். சொந்தமாக எடுத்த பாலிசிகளோ பெரும்பாலும் 90 நாள் கழித்தே குழந்தையைச் சேர்க்கின்றன. அந்த மூன்று மாதம்தான் பிள்ளைக்கு ஆபத்து அதிகமான காலம் என்பது வேதனை. கர்ப்பம் தரிக்கும் முன்பே பாலிசியின் பிரசவப் பிரிவைப் படித்துவிடுவது நல்லது.

காப்பீட்டு நிறுவனம் ‘பிறவிக் குறை’ என்று சொல்லி க்ளெய்மை மறுத்தால் அப்படியே திரும்பிவிட வேண்டாம். இதயத்தில் ஓட்டை போன்ற உள்ளுறுப்புக் குறைகளைப் பாலிசியிலிருந்து விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-லேயே விதித்திருக்கிறது. 2024 மே மாத உத்தரவு இன்னும் கறாரானது: கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரம், அதைத் தாண்டினால் கூடுதல் செலவு நிறுவனத்தின் தலையில். மறுப்பதென்றால் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். எனவே மறுப்பு எதுவானாலும் காரணத்தோடு எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

அந்தக் கடிதத்தோடு முதலில் நிறுவனத்திடமே புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. புகாரை ஆன்லைனில் அனுப்பலாம். 2021-ல் விதி திருத்தப்பட்டதால் விசாரணையும் வீடியோ வழியாக நடக்க இடமுண்டு. பிள்ளையை விட்டு நகர முடியாத விழுப்புரத்துத் தாய் இதற்காகச் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.