மருந்துத் துணி தோலைத் தாண்டுமா?

கேரளத்தின் பாலராமபுரத்தில் மூலிகைச் சாற்றில் நூலைச் சாயமேற்றி ‘ஆயுர்வஸ்திரா’ துணி நெய்கிறார்கள். உடுத்தினால் நோய் தணியும் என்பது விளம்பரம். ஆனால் தோலின் மேலடுக்கில் இறந்த செல்கள் கொழுப்புப் பூச்சோடு செங்கல் சுவர்போல் நிற்கின்றன. ஏறத்தாழ 500 டால்டன் எடையைத் தாண்டிய மூலக்கூறு அதில் நுழைவது அரிது. மஞ்சளின் குர்குமின் 368தான். என்றாலும், நூலை இறுகப் பற்றிய மூலக்கூறு முதலில் வெளியே வந்தால்தானே தோலுக்குள் போகும்? நல்ல சாயத்துக்கு வேண்டிய பிடிப்பே மருந்துக்குத் தடை. அதனால்தான் ஆய்வாளர்கள் நுண்ணுறைகளை நாடுகிறார்கள்: மெல்லிய ஓட்டுக்குள் மருந்தை அடைத்துத் துணியில் ஒட்டினால், உராய்வில் ஓடு உடைந்து மருந்து கசியும். துவைக்கத் துவைக்க இருப்பும் கரையும்.

நிகோட்டின் பட்டை ரத்தம்வரை மருந்தைச் சேர்க்கிறதே என்று கேட்கலாம். நிகோட்டின் வெறும் 162 டால்டன். பட்டையோ தோலில் ஒட்டிக்கொண்டு, அளந்த மருந்தை அளந்த வேகத்தில் விடுகிறது. தளர்ந்து தொங்கும் வேட்டி எதை அளக்கும்? ஆகவே நீரிழிவுக்குத் துணி என்றால் ஏற்கமாட்டேன். தீக்காயத்துக்கு வெள்ளி கலந்த கட்டுத்துணி வேறு கதை: அங்கே சுவரே இடிந்திருக்கிறது, கிருமியும் மேற்பரப்பில்தான். ஆயுர்வஸ்திரா உடுத்தி அரிப்பு குறைந்ததாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. மருந்தில்லாத மென்பருத்தியே அதைத் தணிக்கக்கூடும். யாராவது இத்துணியை விற்க வந்தால் கேட்க வேண்டியவை இரண்டு: சாதாரணப் பருத்தியோடு ஒப்பிட்டுச் சோதித்தீர்களா, இருபது துவைப்புக்குப் பின் மருந்து எவ்வளவு மிஞ்சும்?