எண்ணத் தெரிந்த குழாய்

சுண்டுவிரல் பருமன், 11 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம், இரு முனையிலும் உலோகக் குமிழ். எஸ்பிஎம்-20 என்ற இந்த டியூப், சோவியத் காலத்தில் ராணுவத்துக்கும் குடிமைப் பாதுகாப்புக்குமாகக் குவியல் குவியலாகச் செய்யப்பட்டது. அந்த நாடு போய்விட்டது; கிடங்குகளில் கிடந்த டியூபுகள் விற்பனைக்கு வந்தன. கதிரியக்கத்தை எண்ணும் கைகர் கவுண்டரை வீட்டிலேயே செய்பவர்களில் பலரும் இதில்தான் தொடங்குகிறார்கள். மற்ற பாகங்களைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சுற்று சுற்றினால் வாங்கிவிடலாம். டியூபை மட்டும் நம்மால் செய்ய முடியாது.

உள்ளே பெரிதாக எதுவும் இல்லை. மெல்லிய எஃகுக் குழாய், அதன் நடுவே நூல் போன்ற கம்பி, குறைந்த அழுத்தத்தில் நியான் வாயு, அதோடு கொஞ்சம் புரோமின். கம்பிக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே 400 வோல்ட் கொடுத்து வைக்கிறோம். ஒரு பீட்டா துகளோ காமா கதிரோ வாயுவிலிருந்து ஒரே ஒரு எலக்ட்ரானைப் பிய்த்தெடுத்தால் போதும். அது கம்பியை நோக்கிப் பாயும். கம்பிக்கு மிக அருகில் மின்புலம் மிகக் கடுமையாக இருப்பதால், வழியில் மோதிய அணுக்களிலிருந்து மேலும் எலக்ட்ரான்களை உதிர்க்கும். அவை இன்னும் பலவற்றை, பனிச்சரிவு போல. அப்போது பிறக்கும் புற ஊதா ஒளி அந்தச் சரிவைக் கம்பியின் முழு நீளத்துக்கும் பரப்பிவிடும். விளைவு, ஒரு மின்துடிப்பு. ஸ்பீக்கரில் ஒரு ‘டிக்’.

இந்தச் சரிவை யாராவது நிறுத்த வேண்டுமே? அதற்குத்தான் புரோமின். அது புற ஊதா ஒளியை விழுங்கி, அயனிகளின் மின்னூட்டத்தையும் தான் வாங்கிக்கொண்டு அடக்கிவிடுகிறது. ஆரம்ப காலத்தில் இந்த வேலைக்குச் சாராய ஆவியைப் போட்டார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் சாராயம் சிதைந்துபோக, டியூபும் ஒருநாள் செத்துப்போகும். புரோமின் மூலக்கூறு பிரிந்தாலும் மறுபடி சேர்ந்துகொள்ளும். ஐம்பது ஆண்டு பழைய சோவியத் டியூபுகள் இன்றும் வேலை செய்ய இதுவும் ஒரு காரணம்.

ஹான்ஸ் கைகர் 1908-இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டுடன் சேர்ந்து ஆல்பா துகள்களை எண்ண ஒரு கருவி செய்தார். இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் 1928-இல், ஜெர்மனியின் கீல் நகரில், அவருடைய மாணவர் வால்டர் முல்லரோடு சேர்ந்து உருவானது. பக்கத்தில் கதிரியக்கப் பொருள் ஏதும் இல்லாதபோதும் டியூப் துடித்துக்கொண்டே இருந்தது. முதலில் அதைக் கருவியின் கோளாறு என்றுதான் நினைத்தார்கள். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் சுற்றுப்புறக் கதிர்வீச்சுமே அது என்று முல்லர் கண்டுகொண்டார். கருவி அன்றைக்கே ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. நீங்கள் செய்யும் கவுண்டரும் சும்மா மேசையில் கிடந்தபடி நிமிடத்துக்கு இருபதை ஒட்டித் துடிக்கும். பயப்பட வேண்டாம், பூமியில் எங்கே வைத்தாலும் துடிக்கத்தான் செய்யும்.

சர்க்யூட் சாதாரணமானது. ஒரு 555 ஐசி, ஒரு ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர், ஒரு காயில், ஒரு வேக டயோடு, ஒரு கெபாசிட்டர். பேட்டரியின் சில வோல்ட்டை இவை 400-க்கு ஏற்றும். அங்கிருந்து 5 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக டியூபின் நேர்முனைக்கு. இந்த ரெசிஸ்டரை முனையை ஒட்டியே வைக்க வேண்டும். இடையில் நீளமாக வயர் போட்டால் அதுவே ஒரு குட்டிக் கெபாசிட்டராகி, ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள மின்னூட்டத்தையும் டியூபுக்குள் கொட்டி அதன் ஆயுளைக் குறைக்கும். டியூபில் நேரடியாகச் சால்டர் வைக்கவே கூடாது. கண்ணாடி பியூஸுக்குப் போடும் கிளிப்புகள் இதற்குப் போதும். முனைகளை மாற்றி இணைத்தாலும் டியூப் கெட்டுவிடும்.

புதிதாகச் செய்பவர்கள் பலர் வழுக்குவது மல்டிமீட்டரில். டியூபின் முனையில் மீட்டரை வைத்தால் 267 என்று காட்டும். ‘அடடா, வோல்டேஜ் குறைவு’ என்று ஏற்றத் தொடங்குவார்கள். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை 10 மெகா ஓம். முன்னால் இருக்கும் 5 மெகா ஓம் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட, மீதியைத்தான் மீட்டர் பார்க்கிறது. அது 400 காட்டும்வரை ஏற்றினால் உண்மையில் டியூபுக்குப் போவது 600. எஸ்பிஎம்-20 தாங்குவது 350 முதல் 475 வரை. அதற்கு மேல் போனால் ‘டிக்’ ஓயாத இரைச்சலாகிவிடும். ரெசிஸ்டருக்கு முன்னால் வைத்து அளந்தாலும், சிறிய சப்ளையாக இருந்தால் மீட்டரே அதை இழுத்து இறக்கிவிடும். 1 கிகா ஓம் ரெசிஸ்டரை மீட்டரோடு தொடராகப் போட்டு, வரும் எண்ணை 101-ஆல் பெருக்கிக்கொள்வதே வழி. கூடவே, பேட்டரியைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் 400 வோல்ட் காத்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

கவுண்டர் துடிக்கத் தொடங்கியதும் வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கென்னவோ அதற்குப் பிறகு வருவதுதான் கடினமான பகுதி என்று தோன்றுகிறது. துடிப்புகள் கடிகாரம்போல வராது. தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல வரும், இரண்டு சேர்ந்தாற்போல, பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லாமல். ஒரு நிமிடத்தில் 25 வந்தால், அடுத்த நிமிடம் 19 வரலாம், 31-ம் வரலாம். எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இயல்பு: 25-க்கு 5, அதாவது 20 சதவீதம். பத்து நிமிடம் எண்ணி 250 வந்தால் ஏற்ற இறக்கம் 16-ஐ ஒட்டித்தான், 6 சதவீதம். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ‘எங்கள் வீட்டில் கதிர்வீச்சு கூடிவிட்டது’ என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை.

எதை வைத்துச் சோதிப்பது? உரக்கடைப் பொட்டாஷ் இருக்கிறது. இயற்கைப் பொட்டாசியத்தில் 0.0117 சதவீதம் கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40. பொட்டாஷ் உரம் ஒரு கிராமில் நொடிக்கு ஏறத்தாழ 15 அணுக்கள் சிதைகின்றன. மெல்லிய பையில் போட்டு டியூபுக்குக் கீழே பரப்பிப் பத்து நிமிடம் எண்ணினால் வித்தியாசம் தெரியும். கதிரியக்கம் என்றால் வாழைப்பழத்தைச் சொல்வது வழக்கம், அதிலும் பொட்டாசியம் உண்டு. ஆனால் அவ்வளவு குறைவானது இந்த டியூபுக்குத் தெரியாது.

பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டில் கிடைத்தால் டியூப் படபடக்கும். அதில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கும். கல்யாணத்திலும் திருவிழாவிலும் ஒளிவிட்ட அந்த விளக்குக்கும் குமரிக் கரைக்கும் பழைய தொடர்பு உண்டு. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் கொண்ட மோனசைட் என்ற கனிமம் இருப்பதை ஷோம்பர்க் என்ற வேதியியலாளர் 1909-இல் கண்டார். மேண்டிலுக்கான தோரியத்தைத் தேடித்தான் குமரிக் கரையின் மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. அந்தக் கரையில் கவுண்டரை வைத்தால் சென்னை மேசையில் வைத்ததைவிட வேகமாகத் துடிக்கும். ஆனால் மணலை அள்ளி வர வேண்டாம். மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. மேண்டிலையும் உடைத்துத் தூளாக்காதீர்கள், தூசி நுரையீரலுக்குப் போகக் கூடாது.

எனக்குப் பிடித்த சோதனைக்கு எந்தக் கதிரியக்கப் பொருளும் வாங்க வேண்டாம். ஒரு பலூனை ஊதித் தலைமுடியில் தேய்த்து, ஜன்னல் சாத்திய தரைத்தள அறையில் அரைமணி நேரம் தொங்கவிடுங்கள். மண்ணிலிருந்து கசியும் ரேடான் வாயுவின் சிதைவுப் பொருட்கள் மின்னூட்டத்தால் ஈர்க்கப்பட்டு அதில் ஒட்டிக்கொள்ளும். காற்றை இறக்கி ரப்பரை டியூபில் சுற்றி எண்ணினால் எண்ணிக்கை எகிறும். முக்கால் மணி போல ஆனதும் பாதியாகும். கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் பலூன் மின்னூட்டம் நிற்காது, குளிர்ச்சியான வறண்ட நாளாகப் பாருங்கள்.

இந்தக் கருவி சொல்லாதவையும் உண்டு. ஆல்பா துகள் எஃகுச் சுவரைத் தாண்டாது. எல்லாத் துடிப்பும் ஒரே அளவு என்பதால் எந்தத் தனிமம், எவ்வளவு ஆற்றல் என்று தெரியாது. சில கவுண்டர்களின் திரையில் கதிர்வீச்சு அளவாக ஓடும் மைக்ரோசீவர்ட் எண், பெரும்பாலும் சீசியம்-137-ஐ வைத்துப் போட்ட கணக்கு. பொட்டாஷுக்கோ மேண்டிலுக்கோ அது பொருந்தாது. ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின் 2011-இல் தொடங்கிய, கதிர்வீச்சை அளக்கும் சேஃப்காஸ்ட் குழுவினர் தங்கள் கருவிகளுக்கு ஆல்பாவும் நுழையும் மைக்கா முகம் கொண்ட தட்டை டியூபைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் ஒரே வகை டியூபைப் பயன்படுத்தியதால் ஒருவர் அளவை இன்னொருவர் அளவோடு ஒப்பிட முடிந்தது. வீட்டுக் கவுண்டரில் அப்படி ஒப்பிட வேண்டுமானால், சீவர்ட்டை விட்டுவிட்டு, டியூபின் பெயரையும் எண்ணிய நிமிடங்களையும் மொத்தத் துடிப்பையும் எழுதி வைப்பதே உபயோகம்.